விரலை எடுக்காதே

பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக விற்கும் கடையில் அவனைப் பாறை என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். மற்றவர்கள் காஸ் வைத்து அறுக்கிற இடத்தில் அவன் சம்மட்டியால் அடித்துப் பிளப்பான். கோபம் வந்தால் வாய் பேசாது. நேராகப் போய் ஒரு காரைப் பிரித்துப் போட்டுவிடுவான். உடைப்பதற்குத்தான் சம்பளம் என்பதால் அந்தக் கோபம் அதுவரை யாருக்கும் நஷ்டம் வைத்ததில்லை.

அவனுக்கு ஒரு மகள். கூடப் பிறந்தது ஒரே தம்பி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊதினால் பறக்கிற உடம்பு. "அம்மா சோத்தையெல்லாம் உனக்குப் போட்டுட்டு, பேச்சை மட்டும் எனக்கு வெச்சுட்டாங்கண்ணே" என்று கேலி செய்வான். அப்பா நடு வயதைத் தொடும் முன்பே தெருவில் நடந்துகொண்டிருந்தபோது அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவன் பாறைதான். அந்தத் தம்பிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு படுத்தாலே மூச்சு வாங்கியது. கால்கள் வீங்கின. இதயத் தசை தளர்ந்து, காற்றுப் போன பலூன் மாதிரி தொங்கிவிடுகிற நோய் என்றார்கள். குடும்பத்தில் வழிவழியாக வருவது, அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்கள்.

இதய நோய்க்கென்றே இருந்த பெரிய மருத்துவமனையில் அந்த நோய்க்கான ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தயங்கினான். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்ணே" என்றான். பாறைதான் விடவில்லை. "இதுல யோசிக்க என்னடா இருக்கு? புது மருந்து, பெரிய பெரிய டாக்டருங்க. வேற என்ன வேணும் உனக்கு?" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போய்ச் சேர்த்தான். சின்ன டாக்டர் என்று எல்லோரும் சொல்லும் ஒரு இளைஞர் தம்பியையும் அவன் மனைவியையும் உட்கார வைத்து வெகுநேரம் என்னவோ விளக்கினார். பாறைக்கு மருந்து வாடையில் தலை சுற்றியது. வெளியே போய் நின்றுகொண்டான்.

தம்பி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குழாயடியிலேயே விழுந்தான். பிறகு எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் போன பிறகு, ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாறையும் தம்பி மனைவியும் போனார்கள். டாக்டரம்மா அந்தக் காலத்தில் பேர் போன இதய அறுவை நிபுணராம். இப்போது ஆராய்ச்சி மட்டும்தானாம். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. மருந்து நாங்க நினைச்சதைவிட நல்லா வேலை செய்யுது. இனிமே எல்லாருக்கும் அதையே கொடுக்கப்போறோம்" என்றார்.

பாறைக்குப் புரியவில்லை. "நல்லா வேலை செய்யுதுன்னா, என் தம்பி ஏன் செத்தான்?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எங்களுக்கும் தெரியாது, சாப்பிடறவங்களுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடறதுதான். வழக்கமா கொடுக்கிற மருந்தெல்லாம் அவருக்கும் கொடுத்தோம். ஆனா புது மருந்து அவருக்கு விழல. அவருக்கு விழுந்தது வெறும் மாத்திரை."

தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாறை டாக்டரம்மாவின் மேஜையைப் பார்த்தான். அதன் மேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு இதயம் இருந்தது, குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி சிவப்பும் நீலமுமாக.

"சொல்லாமலே விட்டிருக்கலாம். பல இடத்துல சொல்ல மாட்டாங்க. எனக்கு மனசு கேக்கல" என்றார் டாக்டரம்மா.

அவன் எழுந்து வெளியே போனான். தம்பி மனைவி பின்னாலேயே ஓடி வந்து, "மாமா, நில்லுங்க மாமா" என்று கூப்பிட்டாள். நிற்கவில்லை.

கடைக்குப் போய் ஒரு வேனை உடைத்தான். கதவுகளை, கூரையை, ஸ்டியரிங்கை. அது முடிந்ததும் இன்னொன்று. மற்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். வழக்கமாக ஒரு வண்டியில் தணிந்துவிடும் கோபம் அன்று தணியவில்லை. சம்மட்டி விழும்போதெல்லாம் தன் குரலே அவனுக்குக் கேட்டது: இதுல யோசிக்க என்னடா இருக்கு? அந்தக் குரலைத்தான் அவன் அடித்தான். இரும்பு நசுங்கியதே ஒழிய அது நசுங்கவில்லை.

மத்தியானம் சம்மட்டியையும், வண்டிகளை இழுக்கிற சங்கிலியையும், ஒரு பெரிய பூட்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஆராய்ச்சிக் கட்டடம் மருத்துவமனைக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம் தனியாக இருந்தது. வாசலில் இருந்த காவலாளி என்னவென்று கேட்டதற்கு, "பைப்பு ரிப்பேர்" என்றான். அந்தத் தோளையும் சாக்கையும் பார்த்தவர் நம்பிவிட்டார். மூன்றாம் மாடியில் படியும் லிஃப்டும் வந்து சேரும் இடத்தில் ஒரு இரும்பு மடக்குக் கதவு உண்டு. பாறை உள்ளே போய் அதை இழுத்து மூடினான். சங்கிலியை மூன்று சுற்றுச் சுற்றிப் பூட்டினான். சாவியை ஜன்னல் வழியாக வீசினான். திரும்பிப் போகிற எண்ணத்தோடு அவன் வரவில்லை.

சாப்பாட்டு நேரம். மாடியில் முக்கால்வாசிப் பேர் இல்லை. டாக்டரம்மா தன் அறையில் இருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்து, "உட்காருங்க" என்றார். சம்மட்டியை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

முதல் அடி மேஜையில் விழுந்தது. பிளாஸ்டிக் இதயம் துள்ளிப்போய்ச் சுவரில் மோதியது. இரண்டாவது அடியில் கம்ப்யூட்டர் பிளந்தது. அலமாரிக் கண்ணாடி, விளக்கு, நாற்காலி என்று எது கைக்கெட்டியதோ அதை அடித்தான். டாக்டரம்மா ஓடவில்லை. "நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தார். அவன் பிடிப்பை உதறிச் சம்மட்டிப் பிடியைக் குறுக்கே வீசினான். அவர் தடுக்கத் தூக்கிய வலது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அது விழுந்தது. பச்சைக் கொம்பு முறிகிற சத்தம். டாக்டரம்மா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். கை இருக்கவேண்டிய கோணத்தில் இல்லை.

"என் தம்பி ரத்தம் எங்க?" என்றான் பாறை.

"என்ன?"

"மாசா மாசம் குழாய் குழாயா எடுத்தீங்களே. மருந்தே கொடுக்காம ரத்தத்தை மட்டும் எடுத்தீங்களே. அதைக் கொடு. உன்கிட்ட அவனோட ஒரு சொட்டு இருக்கக்கூடாது."

டாக்டரம்மாவின் கண் தன்னை அறியாமல் நடையின் கோடிக்குப் போனது. அது போதும் அவனுக்கு.

கோடியில் குளிர் அறை. அதற்குப் பழைய காலத்து உயரமான கண்ணாடிக் கதவு, மரச் சட்டத்தில் பதித்தது. உள்ளே சின்ன டாக்டர் இருந்தார். சத்தம் கேட்டு வெளியே வரப் பார்த்தவர், சம்மட்டியோடு வருகிறவனைக் கண்டதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றார்.

"அண்ணே, வேண்டாம்! நான் சொல்றதைக் கேளுங்க!" என்று உள்ளிருந்து கத்தினார். "இங்க உங்க தம்பி ரத்தம் மட்டும் இல்ல. எத்தனையோ குடும்பத்தோடது இருக்கு. பத்து வருஷ வேலை அண்ணே!"

அண்ணே என்று அந்த வாய் சொன்னதுதான் பாறைக்குப் பொறுக்கவில்லை. அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான். "யாருடா உனக்கு அண்ணன்?" என்று சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினான்.

கண்ணாடி ஏறக்குறைய மொத்தமும் ஒரே நேரத்தில் விழுந்தது. அதில் சாய்ந்து நின்றவருக்குப் பிடிமானம் போய்விட்டது. முன்புறமாக, உடைந்த சட்டத்தின் வழியாகவே வெளியே விழுந்தார். சட்டத்தின் கீழ்விளிம்பில் ஈட்டி போல ஒரு துண்டு நின்றுகொண்டிருந்தது. அது அவருடைய இடது மார்பில் ஏறி, அங்கேயே ஒடிந்தது.

சின்ன டாக்டர் உருண்டு மல்லாந்தார். மார்பிலிருந்து ஒரு விரல் நீளக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு பாறையைப் பார்த்தார். "ஐயோ" என்று, ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

சம்மட்டி பாறையின் கையிலிருந்து தானாக நழுவியது.

குனிந்து அந்தக் கண்ணாடியைப் பிடுங்கப் போனான். "தொடாதே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அறைந்தது. டாக்டரம்மா உடைந்த கையை மற்ற கையால் நெஞ்சோடு தாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சின்ன டாக்டரின் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தைப் பார்த்தார். கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தன. இடது கையால் நாடியைத் தேடினார். வெளியே வந்த ரத்தம் கொஞ்சம்தான். ஆனால் அவர் கண்முன்னே அந்த முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"கதவைத் திறக்கறேன், ஆளைக் கூப்பிடறேன்" என்று பாறை எழுந்தான்.

"சாவி எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

மடக்குக் கதவுக்கு அப்பால் ஏற்கெனவே காவலாளிகள் வந்து கம்பியை உலுக்குவது கேட்டது. அந்தச் சங்கிலி லாரியை இழுப்பது. உலுக்கினால் வராது, சம்மட்டிக்கும் அசையாது என்று அவனுக்குத் தெரியும்.

டாக்டரம்மா கத்தினார்: "எதிர் பில்டிங்ல ஆபரேஷன் டீமைக் கூப்பிடுங்க! நெஞ்சுல குத்து! சங்கிலியை அறுக்க மிஷின் கொண்டு வாங்க!" பிறகு பாறையிடம் திரும்பினார். "அவங்க வர்ற வரைக்கும் இவன் தாங்க மாட்டான். இதயத்துல ஓட்டை. ரத்தம் வெளிய வராம, சுத்தியிருக்கிற பையில நிறைஞ்சு இதயத்தை நசுக்குது. நெஞ்சைத் திறக்கணும். இப்பவே. என் கை உடைஞ்சிருக்கு. உன் கைதான் இருக்கு."

"நானா? நான் இரும்பு உடைக்கிறவன்."

"தெரியும். என்னையும் உடைச்சிருக்கே. உட்காரு."

பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஆராய்ச்சிக்காக ஆடுகளுக்கு இதய அறுவை செய்யும் அறை அது. ஆடுகளைப் பார்த்துக்கொள்கிற அவளுக்கு ஆட்டம்மா என்றே பெயர். அதுவரை மேஜைக்கடியில் ஒளிந்திருந்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்ததும், "ஆட்டம்மா, நெஞ்சு திறக்கிற கருவித் தட்டைக் கொண்டா. மூச்சுப் பையும் கொண்டா" என்றார். அவள் அழுதுகொண்டே ஓடினாள், அழுதுகொண்டே கொண்டுவந்தாள். ஆனால் சின்ன டாக்டரின் முகத்தில் மூச்சு மூடியை வைத்துப் பையை அமுக்கியபோது அவள் கை நிதானமாகத்தான் இருந்தது. ஆடுகளுக்குத் தினமும் செய்கிற வேலை.

சின்ன டாக்டருக்கு நினைவு தப்பியிருந்தது.

"கத்தியை எடு. மார்க்காம்புக்குக் கீழ, விலா ஓடற வழியிலேயே, நடு நெஞ்சுலேர்ந்து அக்குள் வரைக்கும். பயந்து பயந்து கீறாதே. ஒரே இழுப்பு."

பாறையின் கை நடுங்கியது. கத்தி அவன் விரல்களுக்கு நடுவில் ஒரு குச்சி மாதிரி இருந்தது.

"என்னை அடிச்சப்ப இந்தக் கை நடுங்கலையே" என்றார் டாக்டரம்மா. "கீறு!"

கீறினான். தோல் பிளந்தது, மஞ்சளாய்க் கொழுப்பு தெரிந்தது, கீழே சிவந்த தசை. "இன்னும் ஆழமா. இன்னும்." விலாக்களுக்கு நடுவில் கத்தரியை விட்டு வெட்டச் சொன்னார். வெட்டினான். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பல் வரிசை வைத்த ஒரு இரும்புக் கருவியை நடுவில் வைத்துச் சுழற்றச் சொன்னார். அது அவனுக்குத் தெரிந்த வேலை, ஜாக்கி போலத்தான். சுழற்றச் சுழற்ற விலாக்கள் விலகின. ஒன்று பட்டென்று முறிந்தது. அவன் நிறுத்தினான்.

"முறியட்டும். சுத்து."

உள்ளே நுரையீரல் ஆட்டம்மா அமுக்கும் கதிக்கு ஏறி இறங்கியது. அதற்கு அப்பால், கருநீலமாக, வெடிக்கப் போகிற மாதிரி இறுகிப்போன ஒரு பை. கண்ணாடியின் நுனி அதற்குள் போயிருந்தது.

"பக்கவாட்டுல வெள்ளையா ஒரு நரம்பு ஓடுது பாரு. அதுல படாம, அதுக்கு முன்னாடி, மேலேர்ந்து கீழ பையைக் கத்தரி."

கத்தரித்தான். அடைத்துக்கொண்டிருந்த ரத்தம் அவன் முகத்தில் அடித்தது. கட்டி கட்டியாக, கறுப்பாக அவன் முழங்கை வழியே வழிந்தது. அவன் கையால் வாரி வாரி வெளியே போட்டான். நெற்றியிலிருந்து வேர்வையும் ரத்தமும் கலந்து கண்ணில் இறங்கின. துடைத்துக்கொள்ள நேரமில்லை. பைக்குள்ளே அந்த மேஜையில் பார்த்த பொம்மை மாதிரி எதுவும் இல்லை. ஒரு கைப்பிடிச் சதை, மஞ்சளும் சிவப்புமாக, துடிக்காமல் நெளிந்துகொண்டிருந்தது.

"கண்ணாடியை இப்ப நான் இழுக்கறேன். இழுத்ததும் ஓட்டை மேல உன் விரலை வை. உள்ள திணிக்காதே, கிழிஞ்சுடும். மேல வெச்சு அழுத்து. புரியுதா?"

அவன் தலையாட்டினான். டாக்டரம்மா இடது கையால் கண்ணாடியை நேராக இழுத்தார். ஒரு கோடு ரத்தம் மேலே பீச்சியது. பாறை தன் பெருவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினான். பீச்சல் நின்றது.

"விரலை எடுக்காதே. இடி விழுந்தாலும் எடுக்காதே."

டாக்டரம்மா தன் இடது கையை அந்த நெஞ்சுக்குள் விட்டு, இதயத்தின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். பாறையின் இன்னொரு கையை மேலே வைக்கச் சொன்னார். "நான் அமுக்கறப்ப நீயும் அமுக்கு. கசக்காதே. கீழேர்ந்து மேல." அவருடைய விரல்களும் அவனுடைய விரல்களும் அந்தச் சதையைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டன. அமுக்கினார்கள். விட்டார்கள். அமுக்கினார்கள். டாக்டரம்மாவின் உடைந்த கை மடியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு அசைவுக்கும் ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் நிறுத்தாமல் அமுக்கினார்.

பாறைக்கு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. "டேய், டேய், டேய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். குழாயடியில் கிடந்த தம்பியின் நெஞ்சில் கை வைத்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

திடீரென்று உள்ளங்கையில் ஒரு உதை. அவன் திடுக்கிட்டான். இன்னொரு உதை. சிக்கிய மீன் திமிறுவது போல அது அவன் கைக்குள் திமிறியது.

"ஓடுது" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "கையை எடுத்துக்கோ. விரல் மட்டும் அங்கேயே."

அந்த நேரத்தில் மடக்குக் கதவில் மிஷின் அலறி, சங்கிலி அறுந்து விழுந்தது. காவலாளிகள் நாலைந்து பேர் தடியோடு உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் கண்டது என்ன? தரையெங்கும் ரத்தம், உடைந்த கையோடு டாக்டரம்மா, பிளந்த நெஞ்சோடு சின்ன டாக்டர், அந்த நெஞ்சுக்குள் கையை விட்டுக்கொண்டு, முகமெல்லாம் ரத்தமாக, சற்று முன்வரை மாடியையே அடித்து நொறுக்கிய அந்த ராட்சசன். வேறு என்ன நினைப்பார்கள்?

முதல் தடி அவன் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு விட்டுப்போனது அவனுக்கே கேட்டது. இரண்டாவது காதோடு சேர்த்து. "கொலைகாரப் பயலே! எடுடா கையை!" முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். முதுகில், இடுப்பில், பின்னந்தலையில் மாறி மாறி விழுந்தது. காதிலிருந்து சூடாக ஒழுகி வாய்க்குள் போனது. பாறைக்கு இரண்டு ஆளைத் தூக்கி எறிவது பெரிய காரியமில்லை. அசையவில்லை. அசைந்தால் விரல் நழுவும். உடம்பு முழுவதையும் கல்லாக்கிக்கொண்டு, அந்த ஒரு விரலை மட்டும் பூப்போல வைத்திருந்தான்.

"அடிக்காதீங்க! அவன் கையை எடுத்தா இவன் செத்துடுவான்! நிறுத்துங்கடா முட்டாள்களா!" டாக்டரம்மா அவன் மேல் விழுந்து மறைத்துக்கொண்டார். ஓங்கிய ஒரு தடி அவருடைய முதுகிலும் விழுந்தது. ஆட்டம்மா மூச்சுப் பையை விடாமலே காலால் ஒரு காவலாளியை எட்டி உதைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர்கள் நின்றார்கள்.

எதிர்க் கட்டடத்து அறுவை நிபுணர் ஓடிவந்து மண்டியிட்டபோது பாறைக்கு ஒரு கண் மூடிக்கொண்டுவிட்டது. "நான் சொன்னதும் எடுங்க" என்று அவர் தையல் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டார். "இப்ப." பாறை டாக்டரம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் எடுத்தான். விரல் மடங்கவில்லை. அப்படியே விறைத்து நின்றது.

போலீஸ் அவனைப் படி வழியாகக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் மோதவிட்டார்கள்.

மருத்துவமனையில் விலங்கோடு கட்டிலில் கிடந்தபோது தம்பி மனைவி வந்தாள். உட்காரவில்லை.

"அவருக்குத் தெரியும் மாமா" என்றாள். "வெறும் மாத்திரையா இருக்கலாம்னு சின்ன டாக்டர் அன்னிக்கே விலாவாரியா சொன்னார். நீங்க வெளிய போயிட்டீங்க. இவர் வீட்டுக்கு வந்து சிரிச்சாரு. 'அண்ணன்கிட்ட சொல்லாதே, பூவா தலையான்னு தெரிஞ்சா டாக்டரையே உடைச்சுடுவாரு'ன்னாரு. 'எனக்கு விழலேன்னாலும் அண்ணன் பொண்ணுக்கு உதவுமே'ன்னுதான் கையெழுத்துப் போட்டாரு."

பாறை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்பட்டைக் கட்டு குலுங்கியது. அவள் போய்விட்டாள்.

சின்ன டாக்டர் பிழைத்தார். கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னார். நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை ஓடிய தையல் தழும்பை நீதிபதி பார்க்கக் கேட்டபோது சட்டையைத் திறந்து காட்டினார். "இவர்தான் செஞ்சது. இதுக்குத் தண்டனை கொடுக்கணும்" என்று பாறையைப் பார்க்காமல் சொன்னார். "அடி வாங்கிக்கிட்டே விரலை எடுக்காம வெச்சிருந்ததும் இவர்தான். அதையும் எழுதிக்கணும்." இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். ஏழு வருடம் கிடைக்கவேண்டியது ஐந்தாகக் குறைந்தது.

சிறைக்குப் போன முதல் வருடத்திலேயே டாக்டரம்மா பார்க்க வந்தார். வலது கை கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. பாறை அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிக்கறதுக்கு வரல. அதை நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார் அவர். "இது குடும்ப நோய். உங்களையும் உங்க பொண்ணையும் சோதிக்கணும். ரத்தம் கொடுங்க."

மறுப்பு சொல்லாமல் கையை நீட்டினான். கூட வந்திருந்த நர்ஸ் ஊசி போட்டு எடுத்தாள்.

அடுத்த முறை அவர் சோதனை முடிவோடு வந்தார். அவனுக்கும் அந்த நோய் இருந்தது, இதயம் இன்னும் தளராமல் நின்றுகொண்டிருந்தாலும். மகளுக்கும் இருந்தது. கல்லூரி போகிற பெண். அவளுக்குத் தளர ஆரம்பித்திருந்தது.

பாறை எழுந்தான். தலையைக் கம்பியில் மோதினான். மறுபடி மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கம்பியில் வழிந்தது. வார்டர்கள் ஓடிவந்து இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்துத் தரையில் அழுத்தினார்கள். ஒருவர் முழங்காலை அவன் முதுகில் ஊன்றினார். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. அவன் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார். "உங்க தம்பிக்கு இந்த மருந்து கிடைக்கல. உங்க பொண்ணுக்கு நேத்துலேர்ந்து கிடைக்குது. தளர்ச்சி ஆரம்பிக்கிறப்பவே பிடிச்சுட்டோம். நல்லா இருப்பா. ஆனா பயந்துபோயிருக்கா. ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்க்க வர்றா. மண்டையை உடைச்சுக்கிட்டு அவ முன்னாடி நிக்காதீங்க."

வார்டர்கள் விட்டார்கள். அவன் சட்டை நுனியால் நெற்றியை அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "அவளை யாரு பார்த்துக்கறாங்க? சின்ன டாக்டரா?" என்று கேட்டான்.

"இல்ல, நான்தான். அவர் பார்க்க மாட்டேன்னுட்டார். உங்க குடும்பத்து முகத்தைப் பார்த்தா அவருக்குக் கை நடுங்குதாம். நான் கட்டாயப்படுத்தல."

"சரிதான்" என்றான் பாறை. "அவரு பார்க்க வேண்டாம்."

டாக்டரம்மா எழுந்து, பையை இடது கையில் எடுத்துக்கொண்டு போனார். அவன் வார்டரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டான். நெற்றிக் காயத்துக்குத் தையல் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறிவிடுமா என்று கேட்டான்.